பிரைவேட் செர்வர்: மூடுவதா, விடுவதா, முந்திக்கொள்வதா?

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் கேமை விளையாட மாதாமாதம் 15 டாலர் கட்டத் தேவையில்லை, ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் ஒரே ஒரு வரியை மாற்றினால் போதும் என்று கூட இருந்தவன் சொன்னபோது, வழக்கம்போல் அளக்கிறான் என்றுதான் நினைத்தேன். 2010. காலேஜ் பையன்கள் நாலு பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த வீடு. பிஎஸ்என்எல் பிராட்பேண்டில் ராத்திரி 2 மணியிலிருந்து காலை 8 மணி வரை எவ்வளவு வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம் என்று ஒரு பிளான் இருந்த காலம் அது. அலாரம் வைத்து எழுந்து நாலைந்து ராத்திரியில் கேமை முழுசாக இறக்கினோம். அப்புறம் அவன் டேட்டா ஃபோல்டருக்குள் போய் ரியல்ம்லிஸ்ட் என்ற ஃபைலை நோட்பேடில் திறந்தான். உள்ளே ஒரு வரி, அதில் கேமை நடத்தும் பிளிசார்ட் கம்பெனியின் செர்வர் முகவரி. அதை அழித்துவிட்டு, கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத வேறு யாரோ நடத்தும் செர்வரின், அதாவது பிரைவேட் செர்வரின், முகவரியை அடித்தான், சேவ் பண்ணினான், அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் நான் தாடி வைத்த ஒரு குள்ளனாக டன் மோரோ என்ற கேம் ஊரின் பனியில் நின்று ஓநாய் அடித்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு 15 டாலர் என்றால் கிட்டத்தட்ட 700 ரூபாய். பணத்தை விடுங்கள், வெளிநாட்டுக்குப் பணம் கட்டுகிற கார்டு எங்கள் நாலு பேர் வீட்டிலும் யாரிடமும் கிடையாது. அதனால் நாங்கள் விளையாடியதால் பிளிசார்டுக்கு நஷ்டமா என்று அன்றைக்குக் கேட்டிருந்தால் சிரித்திருப்போம். வராத பணம் எப்படி நஷ்டமாகும்?

இன்றைக்கு நான் சந்தா கட்டித்தான் ஆடுகிறேன், அந்தக் கேள்விக்கு அவ்வளவு சுலபமாகச் சிரிக்கவும் முடியவில்லை. இந்தப் பதிவில் நான் உட்கார்ந்து பார்ப்பது கம்பெனிக்காரன் நாற்காலியில். மாதச் சந்தாவில் ஓடுகிற ஒரு ஆன்லைன் கேம் உங்களுடையது, வெளியே எவனோ அதே கேமை இலவசமாக ஓட்டுகிறான், என்ன செய்வீர்கள்? கேஸ் போட்டு மூடலாம். கண்டுகொள்ளாமல் விடலாம். அவன் தருவதை நீங்களே தரலாம். கூப்பிட்டுப் பேசி அனுமதி கொடுக்கலாம். இந்த நாலையும் கம்பெனிகள் செய்து பார்த்துவிட்டன, விளைவுகளும் கண்முன்னே இருக்கின்றன. என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன்: கம்பெனி இன்று விற்பதையே வெளியே ஒருவன் விற்றால் அது நஷ்டம், கம்பெனி விற்க மாட்டேன் என்று அடம்பிடிப்பதை அவன் தந்தால் அது ஓசியில் கிடைத்த மார்க்கெட் சர்வே.

முதலில் இந்த செர்வர் எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ஆன்லைன் கேமில் இரண்டு பாதி உண்டு. மலை, கோட்டை, டிராகன், பாட்டு, குரல் எல்லாம் உங்கள் கம்ப்யூட்டரில் இறங்கிவிடும். அந்த டிராகனுக்கு எவ்வளவு உயிர், அது எத்தனை விநாடிக்கு ஒருமுறை நெருப்பு துப்பும், செத்தால் எந்த வாள் எத்தனை சதவீதம் விழும், இதெல்லாம் கம்பெனியின் செர்வரில் மட்டும் இருக்கும், வெளியே கொடுக்க மாட்டார்கள். இந்த இரண்டாவது பாதியை ஆர்வலர்கள் தாங்களாகவே எழுதினார்கள். 2005இல் மேங்கோஸ், 2008இல் அதிலிருந்து பிரிந்த ட்ரினிட்டிகோர் என்று வார்கிராஃப்டுக்கு ஓப்பன் சோர்ஸ் செர்வர் புரோகிராம்கள் வந்தன. நிஜ செர்வரும் நம் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்வதைப் பதிவு பண்ணி, பழைய வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, மிச்சத்தை ஊகித்து எழுதியது. அதனால்தான் பிரைவேட் செர்வரில் சில சமயம் பூதம் சுவருக்குள் மாட்டிக்கொண்டு உதறும், சில குவெஸ்ட், அதாவது கேம் நமக்குக் கொடுக்கும் வேலை, முடியவே முடியாது. உழைப்பு அவர்களுடையது, மறுக்கவில்லை. ஆனால் படம், பாட்டு, கதை, பெயர் எல்லாம் கம்பெனியுடையது. சட்டம் எந்தப் பக்கம் என்பதில் பெரிய சந்தேகம் இல்லை. ஸ்டார்கிராஃப்ட், டயாப்லோ ஆட பிளிசார்ட் அல்லாத ஒரு செர்வர் புரோகிராமை இலவசமாக எழுதிய பிநெட்டி குழுகூட 2005இல் அமெரிக்க அப்பீல் கோர்ட்டில் தோற்றது. ஆக, கம்பெனியால் மூட முடியுமா என்பது கேள்வியே இல்லை, மூடினால் என்ன கிடைக்கும் என்பதுதான் கேள்வி.

இப்போது கணக்குக்கு வருவோம். வார்கிராஃப்டுக்குச் சந்தா கட்டியவர்கள் உச்சத்தில் இருந்தது 2010 அக்டோபரில், 1 கோடியே 20 லட்சம் பேர். அதே காலத்தில்தான் நாங்கள் நோட்பேடைத் திறந்துகொண்டிருந்தோம், உலகம் முழுக்க லட்சக்கணக்கானவர்கள் திறந்துகொண்டிருந்தார்கள். பிரைவேட் செர்வர்கள் கொடிகட்டிப் பறந்த காலமும் கம்பெனி கொழித்த காலமும் ஒன்று. அப்புறம் சரிவு. 2014 நவம்பரில் புது எக்ஸ்பேன்ஷன், அதாவது கேமின் அடுத்த பாகம், வந்த வேகத்தில் 1 கோடியைத் தாண்டிய எண்ணிக்கை, 2015 மார்ச் முடிவில் 71 லட்சம், ஜூன் முடிவில் 56 லட்சம். செப்டம்பர் கணக்கில் 55 லட்சம் என்று சொல்லிவிட்டு, இனிமேல் எண்ணிக்கை வெளியிட மாட்டோம் என்று நிறுத்திவிட்டார்கள்.

இந்தச் சரிவுக்குப் பிரைவேட் செர்வரைக் காட்டுகிறவர்கள் உண்டு. சரி, பார்ப்போம். அந்தக் காலத்தின் பெரிய பெயர் நாஸ்டால்ரியஸ், ஃபிரான்சிலிருந்து ஓடியது, 2006இல் இருந்த கேமை அப்படியே தந்தது. அது திறந்தது 2015 பிப்ரவரி 28. மூடும்போது அதில் பதிவு செய்தவர்கள் சுமார் 8 லட்சம், நிஜமாக ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஒன்றரை லட்சம். 2015இன் முதல் மூன்று மாதத்தில் மட்டும் கம்பெனி இழந்தது ஏறக்குறைய 29 லட்சம் பேர். ஒன்றரை லட்சத்தில் ஒவ்வொருவரும் சந்தாவை நிறுத்திவிட்டுத்தான் அங்கே போனார் என்று வைத்துக்கொண்டாலும், அது அந்த 29 லட்சத்தில் ஐந்து சதவீதத்தைச் சுற்றித்தான் வரும். நிஜத்தில் அதில் பலர் அப்போதைய எக்ஸ்பேன்ஷன் பிடிக்காமல் ஏற்கெனவே போனவர்கள், சிலர் இரண்டு பக்கமும் ஆடியவர்கள், சிலர் 2010இல் எங்களைப் போல் ஒருநாளும் கட்டியிருக்க முடியாதவர்கள். பெரிய ஓட்டை வேறு எங்கோ இருந்தது. இந்த எக்ஸ்பேன்ஷனில் அவரவர் கோட்டைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தால் போதும், பத்து நிமிடத்துக்கு ஒரு பரிசு, வெளியே உலகத்தில் ஆள் நடமாட்டமே இல்லை என்று புலம்பிக்கொண்டே ஆடியவர்கள் என் கில்டிலேயே, அதாவது சேர்ந்து ஆடுகிற எங்கள் குழுவிலேயே, நிறையப் பேர்.

இத்தோடு முடித்துவிட்டால் நான் பிரைவேட் செர்வர்காரனுக்கு வக்கீல் ஆகிவிடுவேன். இதில் ஒரு நிஜமான கெடுதல் இருக்கிறது, அது தலைக்கணக்கில் தெரியாது, கில்டுக்குள் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

சந்தா கேமில் நாம் காசு கொடுப்பது டிராகனுக்கு இல்லை, கூட நிற்கிற ஆட்களுக்கு. பழைய வார்கிராஃப்டில் ஒரு பெரிய ரெய்டுக்கு, அதாவது கூட்டமாகப் போய்ப் பெரிய வில்லன்களை அடிப்பதற்கு, 40 பேர் வேண்டும், வாரத்தில் இரண்டு ராத்திரி, ஒரே நேரத்துக்கு. நான் சந்தா கட்டி ஆடிய கில்டில் ஒரு வருடம் இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. நம் ஊர் நேரத்துக்கு ரெய்டு முடிய ராத்திரி ஒரு மணி ஆகும், மறுநாள் ஆபீஸில் கண் எரியும், ஆனாலும் போவோம். ஒரு புது பிரைவேட் செர்வர் திறக்கிறது, எல்லோரும் ஒன்றாம் லெவலிலிருந்து, பழைய ஆட்கள் யாரும் பணம் குவித்து வைத்திருக்காத புத்தம்புது உலகம் என்று செய்தி வந்தது. முதலில் போனது அடிபட்டவர்களுக்கு உயிர் ஏற்றும் ஹீலர்கள் மூன்று பேர், அப்புறம் முன்னால் நின்று அடி வாங்கும் மெயின் டேங்க், ஏனென்றால் அவனுடைய மனைவி அந்த ஹீலர்களில் ஒருவர். நாலே பேர். ஹீலர் பற்றாமல் அடுத்த வாரம் மூன்றாவது வில்லனிடமே ஒன்பது முறை செத்தோம். அதற்கடுத்த வாரம் 31 பேர்தான் வந்தார்கள், காத்திருந்து காத்திருந்து கலைந்தோம். இரண்டு மாதத்தில் கில்டு இல்லை. நான் எந்த பிரைவேட் செர்வருக்கும் போகவில்லை, ஆனாலும் சந்தாவை நிறுத்தினேன், ராத்திரி பத்தரைக்கு உள்ளே போனால் பேச ஆள் இல்லாத ஊருக்கு ஏன் 15 டாலர்? இழந்த ஹீலர் ஒருத்திக்குப் பின்னால் ஒன்பது பேர் போகிறார்கள், அந்த ஒன்பது பேரை யாரும் பிரைவேட் செர்வர் கணக்கில் எழுதுவதில்லை. கம்பெனி பயப்பட வேண்டியது இதற்குத்தான், ‘திருட்டு காப்பி’ என்று கோர்ட்டில் சொல்கிற காரணத்துக்கு அல்ல.

சரி, இனி ஒவ்வொரு வழியாக.

கேஸ் போட்டு மூடுவது. இதில் மலைக்க வைக்கிற கதை ஸ்கேப்கேமிங். வார்கிராஃப்ட் பிரைவேட் செர்வர் நடத்தி, உள்ளே ஆயுதமும் லெவலும் காசுக்கு விற்றார்கள். 2010 ஆகஸ்டில் கலிஃபோர்னியா கோர்ட் கொடுத்த தீர்ப்பு 8 கோடியே 85 லட்சம் டாலருக்கு மேல். கணக்கு எளிது: செர்வரில் இருந்த 4,27,393 பேர், தலைக்கு 200 டாலர் வீதம் சட்டப்படியான இழப்பீடு, அதோடு நடத்தியவர் சம்பாதித்ததாகக் காட்டப்பட்ட 30,52,339 டாலர், கொசுறாக வக்கீல் செலவு. எதிர்த்தரப்பு கோர்ட்டுக்கே வரவில்லை, ஒருதலையாக வந்த தீர்ப்பு அது. எனக்கு இதில் 8 கோடியைவிட அந்த 30 லட்சம்தான் முக்கியமாகப் படுகிறது. காசு கட்ட முடியாமல்தான் இலவச செர்வருக்கு வந்தோம் என்று சொன்ன கூட்டத்தில் ஒரு பகுதி, அங்கே வந்து 30 லட்சம் டாலர் செலவழித்திருக்கிறது! ஆக அந்தக் கூட்டம் முழுக்க எங்களைப் போன்ற பரதேசிகள் இல்லை. இந்த மாதிரி செர்வரை மூடுவதில் எனக்கு ஒரு துளி வருத்தமும் கிடையாது. ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று நடத்தியவனுக்கு வேறென்ன சொல்வது.

ஆனால் இதே கத்தியை நாஸ்டால்ரியஸ் மேல் வீசியபோது நடந்தது வேறு. அவர்கள் கடை வைத்து ஆயுதம் விற்கவில்லை. 2016 ஏப்ரலில் பிளிசார்ட் வக்கீல்களிடமிருந்து அவர்களுக்கும் செர்வரை வாடகைக்குக் கொடுத்த கம்பெனிக்கும் சேர்த்து நோட்டீஸ் போனது, ஏப்ரல் 10 ராத்திரியோடு மூடினார்கள். கடைசி மணி நேரத்தில் ஆயிரக்கணக்கான பேர் கேமுக்குள் கூட்டம் கூட்டமாக நடந்து போய்க்கொண்டே டிஸ்கனெக்ட் ஆன வீடியோக்களை நானும் பார்த்தேன். மறுபக்கம், பழைய கேமை நீங்களே தாருங்கள் என்று 2 லட்சத்துக்கும் மேல் கையெழுத்து. வார்கிராஃப்டின் ஆரம்பகால டீம் லீடராக இருந்த மார்க் கெர்ன் அந்தக் கையெழுத்து மனுவை பிரிண்ட் எடுத்து, கம்பெனித் தலைவராக இருந்த மைக் மோர்ஹைம் கையில் கொண்டுபோய்க் கொடுத்தார். மூடியதால் அந்த ஒன்றரை லட்சம் பேரும் மறுநாள் கார்டை எடுத்துச் சந்தா கட்டினார்களா? எதற்குக் கட்டுவார்கள், அவர்கள் கேட்டதுதான் கடையிலேயே இல்லையே. அந்த வருட டிசம்பரில் நாஸ்டால்ரியஸ் குழு தன் செர்வர் புரோகிராமையும் ஆட்களின் கேரக்டர் விவரத்தையும் இலீசியம் என்ற இன்னொரு குழுவுக்குக் கொடுத்தது, பழைய கேரக்டர்களோடு செர்வர் மறுபடி ஓடியது. அடுத்த மாதமே மனசு மாறி, கொடுத்ததைப் பயன்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், அது வேறு கதை. எட்டே மாதத்தில் செத்தது எழுந்து வந்துவிட்டது என்பதுதான் இங்கே விஷயம்.

கண்டுகொள்ளாமல் விடுவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெரும்பாலான கம்பெனிகள் பெரும்பாலான நாட்களில் இதைத்தான் செய்கின்றன, முடிவெடுத்துச் செய்வதில்லை, வேறு வேலை இருப்பதால் நடக்கிறது. இருநூறு பேர் ஆடுகிற செர்வருக்கு இது சரி. சிக்கல் என்னவென்றால் இருநூறு எப்போது இருபதாயிரம் ஆகும் என்று யாருக்கும் தெரியாது, ஆன பிறகு மூடினால் கம்பெனிதான் வில்லன்.

மூன்றாவது வழிதான் எனக்குப் பிடித்தது, அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன். ரூன்ஸ்கேப் என்ற இன்னொரு ஆன்லைன் கேமை நடத்தும் ஜாகெக்ஸ் கம்பெனி 2012 நவம்பரில் சண்டை போடும் முறையையே அடியோடு மாற்றியது. பழைய ஆட்கள் கொதித்துப்போய்க் கிளம்பினார்கள், பழைய பதிப்பை ஓட்டும் பிரைவேட் செர்வர்கள் ஏற்கெனவே ஊருக்கு ஒன்று இருந்தன. கம்பெனியின் பழைய பேக்கப்பில் 2007 ஆகஸ்ட் மாதத்துக் கேம் முழுசாகக் கிடைத்தது. இதைத் திறக்கட்டுமா என்று ஓட்டெடுப்பு வைத்தார்கள். 4,49,351 ஓட்டு. ஓட்டெடுப்பு முடிவதற்கு முன்பே, 2013 பிப்ரவரி 22 அன்று திறந்துவிட்டார்கள். ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்று பெயர். அப்புறமும் எந்தப் புது விஷயம் சேர்ப்பதானாலும் ஆடுகிறவர்களிடம் ஓட்டெடுப்பு, ஆரம்பத்தில் முக்கால்வாசிப் பேர் சம்மதித்தால்தான் உள்ளே வரும் என்று விதி. இன்றைக்கு அந்தப் ‘பழைய’ கேமில்தான் புதிய கேமைவிடக் கூட்டம். பேக்கப் டேப்பில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு சரக்கு, கம்பெனிக்குச் சோறு போடுகிறது.

இதே 2013இல் பிளிசார்ட் என்ன செய்தது தெரியுமா? அவர்களுடைய வருடாந்தர விழாவில் ஒரு ரசிகர் எழுந்து, பழைய செர்வர் திறப்பீர்களா என்று கேட்டார். வார்கிராஃப்டின் தயாரிப்புப் பொறுப்பில் இருந்த ஜே. ஆலன் பிராக், உங்களுக்கு அது வேணும்னு நினைக்கிறீங்க, ஆனா வேணாம் என்று மேடையிலேயே சொன்னார். வாடிக்கையாளர் ஒரு ஓட்டலில் வந்து, போன வருடம் போட்ட வத்தக்குழம்பு இனிமேல் உண்டா என்று கேட்க, உங்களுக்கு அது பிடிக்காது சார் என்று முதலாளி சொன்னால் எப்படி இருக்கும், அப்படி. வாசலில் வேறொருவன் அதே குழம்பை வாளியில் வைத்து இலவசமாக ஊற்ற ஆரம்பித்துவிட்டால் பிறகு அவனைத் திட்டி என்ன பிரயோஜனம்?

நல்ல வேளை, பிளிசார்ட் கடைசியில் பேசியது. நாஸ்டால்ரியஸ் குழுவை 2016 ஜூனில் கலிஃபோர்னியாவிலுள்ள தன் தலைமை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டது. 2017 நவம்பரில், நான்கு வருடத்துக்கு முன் வேணாம் என்று சொன்ன அதே பிராக் மேடையேறி, வார்கிராஃப்ட் கிளாசிக் வருகிறது என்று அறிவித்தார். 2019 ஆகஸ்ட் 27 அன்று ஐரோப்பாவில் திறந்தார்கள், அமெரிக்காவில் அப்போது 26 மாலை. தனிக் கட்டணம் கிடையாது, அதே 15 டாலருக்குள் இதுவும். முதல் நாளில் உள்ளே நுழையவே மணிக்கணக்கில் வரிசை. அந்தக் காலாண்டுக் கணக்கில், வார்கிராஃப்ட் வரலாற்றிலேயே சந்தா இவ்வளவு ஏறியது இதுதான் முதல்முறை என்று தாய் கம்பெனி பங்குதாரர்களிடம் சொன்னது.

அந்தக் கூட்டத்தில் யார் இருந்தார்கள் என்பது இன்னும் சுவாரஸ்யம். பழைய கேமின் முதல் பெரிய வில்லன் ராக்னரோஸை 2004 நவம்பரில் கேம் வந்ததிலிருந்து உலகத்தில் யாரும் சாய்க்க முடியாமல், 2005 ஏப்ரல் கடைசியில்தான் ஒரு கில்டு சாய்த்தது, ஐந்து மாதம். கிளாசிக்கில் ஏப்ஸ் என்ற கில்டு ஒரு வாரம் முடிவதற்குள் சாய்த்துவிட்டது. வருடக்கணக்காக பிரைவேட் செர்வரில் தண்ணி பட்ட பாடாக ஆடிய கில்டு அது. அதாவது கம்பெனி இத்தனை நாள் திருடர்கள் என்று நினைத்தவர்கள், கடை திறந்த முதல் நாளே காசு கட்டிவிட்டு வரிசையில் முதலில் நின்றார்கள். என் வட்டத்தில் அந்த நாலு பேரில் மூன்று பேர் அந்த வாரம் சந்தா கட்டினோம். வேலைக்குப் போய் கார்டு வந்தாயிற்று, கேட்ட பண்டமும் கடைக்கு வந்தாயிற்று, பிறகென்ன. நாலாவது ஆள், அந்த நோட்பேட்காரன், இன்றுவரை கட்டவில்லை. அவன் ஒரு தனி ஜாதி.

இந்த வழிக்கும் செலவு உண்டு என்பதை மறைக்கக் கூடாது. பழைய கேமை ஓட்ட ஆள் வேண்டும், ஏமாற்றுபவர்களைப் பிடிக்க ஆள் வேண்டும், பழையது ஒருநாள் தீர்ந்துபோகும். கிளாசிக்கில் எல்லாவற்றையும் முடித்தவர்கள் அடுத்து என்ன என்று கேட்டார்கள், 2021இல் அடுத்த பழைய எக்ஸ்பேன்ஷன், 2022இல் அதற்கடுத்தது என்று திறந்துகொண்டே போனார்கள், எங்கேயோ நிற்கத்தானே வேண்டும்.

நாலாவது வழி, அனுமதி. இதற்கு இரண்டு உதாரணம் போதும். எவர்குவெஸ்ட் என்ற கேமின் 1999 காலத்து வடிவத்தை 2009இலிருந்து ஓட்டும் புராஜெக்ட் 1999 என்ற செர்வருடன், கேமின் உரிமையாளரான டேபிரேக் 2015இல் எழுத்துப்பூர்வமாக ஒப்பந்தம் போட்டது, ஒருவருடைய புதுத் திறப்பு இன்னொருவருடையதில் மோதாமல் பார்த்துக்கொள்வது என்பது போன்ற ஏற்பாட்டோடு. இன்னொன்று சிட்டி ஆஃப் ஹீரோஸ். 2004இல் வந்த சந்தா கேம், 2012 நவம்பர் 30 அன்று கொரியாவின் என்சிசாஃப்ட் இழுத்து மூடியது. ஆனால் ஒரு சின்னக் கூட்டம் ஆறு வருடமாக அதை ரகசியமாக ஓட்டிக்கொண்டிருந்தது 2019இல் வெளியே வந்தது, செர்வர் புரோகிராமும் வெளியே வந்தது, ஹோம்கமிங் என்ற செர்வர் பிறந்தது. 2024 ஜனவரியில் என்சிசாஃப்டே அதற்கு முறைப்படி லைசென்ஸ் கொடுத்துவிட்டது. செர்வர் வாடகைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுக்குத்தான் நன்கொடை வாங்குகிறார்கள், தொகை சேர்ந்ததும் மூடிவிடுகிறார்கள். கம்பெனி மூடிவிட்ட கேமில் நஷ்டம் என்ற பேச்சுக்கே இடமில்லை, அங்கே லைசென்ஸ் கொடுக்க ஏன் பதினோரு வருடம் ஆனது என்பதுதான் எனக்குப் புரியாத விஷயம். ஓடுகிற கேமில் இந்த வழி கஷ்டம். நல்லவனுக்குக் கொடுத்தால் கெட்டவனும் எனக்கும் கொடு என்று வருவான்.

அப்படித்தான் ஆனது. புராஜெக்ட் 1999உடன் கைகுலுக்கிய அதே டேபிரேக், 2025 ஜூனில் தி ஹீரோஸ் ஜர்னி என்ற எவர்குவெஸ்ட் செர்வர் மேல் கேஸ் போட்டது, செப்டம்பரில் கோர்ட் இடைக்காலத் தடையும் கொடுத்தது. இந்த செர்வரில் ஒரே கேரக்டர் மூன்று கிளாஸ்களாக, அதாவது வீரன், மந்திரவாதி, ஹீலர் மாதிரி மூன்று வகை ஆளாக, இருக்கலாம், துணைக்கு ஆள் தேடாமல் தனியாகவே ஆடலாம், நிஜ கேமில் இல்லாத சங்கதி. என் கட்சிப்படி இது கம்பெனி விற்காத பண்டம், விட்டுவிட வேண்டியதுதானே என்று நீங்கள் மடக்கலாம். நியாயம்தான். ஆனால் அவர்கள் நன்கொடை என்ற பெயரில் பணம் வாங்கி, கேமுக்குள் சலுகை கொடுத்தார்கள். கம்பெனியோ தன் சொந்தப் பழைய செர்வர்களை வருடா வருடம் புதிதாகத் திறந்து, அதற்கு மாதச் சந்தா வாங்குகிற கம்பெனி. பெயர் வேறாக இருந்தாலும் இரண்டு கடையும் ஒரே தெருவில், ஒரே ஆளுடைய பாக்கெட்டைப் பார்த்துத் திறந்த கடை. புராஜெக்ட் 1999 அந்தத் தெருவில் கடை போடவே இல்லை.

வார்கிராஃப்டிலும் 2025 ஆகஸ்டில் டர்ட்டில் வாவ் என்ற செர்வர் மேல் பிளிசார்ட் வழக்குப் போட்டது. பழைய கேமை எடுத்து, அதில் புது இனம், புது ஊர், புது குவெஸ்ட் என்று தாங்களே சேர்த்து வருடக்கணக்காக ஓட்டியவர்கள். 2015இல் நாஸ்டால்ரியஸ் காட்டியது ‘பழையது வேண்டும்’ என்ற ஆசையை, இது காட்டுவது ‘பழையதிலேயே புதியது வேண்டும்’ என்ற ஆசையை. பிளிசார்டும் 2023 நவம்பரில் சீசன் ஆஃப் டிஸ்கவரி என்று அந்தத் திசையில் ஒரு கால் வைத்துப் பார்த்தது, முழுசாக இறங்கவில்லை. இந்த செர்வரை மூட கம்பெனிக்கு உரிமை உண்டு, கடை வைத்ததால் காரணமும் உண்டு. ஆனால் மூடுவதோடு நிறுத்தினால் 2016 ஏப்ரல் 10 மறுபடி வரும், அதே கூட்டம் வேறு பெயரில் வேறு நாட்டில் செர்வர் எடுக்கும்.

ஆக நாற்காலியில் நான் இருந்தால் வரிசை இப்படித்தான் வைப்பேன்: கேட்பதை முதலில் கடையில் வை, அதற்குப் பிறகும் வாள் விற்றுக் காசு பண்ணுகிறவன் மேல் கேஸ் போடு, காசு வாங்காதவனைக் கூப்பிட்டுப் பேசு, நீ மூடிவிட்ட கேமை எவனாவது ஓட்டினால் கும்பிட்டு லைசென்ஸ் கொடு. கேஸை முதலில் வைத்த கம்பெனிக்கும் கேட்டதை முதலில் வைத்த கம்பெனிக்கும் இடையில் ஆறு வருட இடைவெளி இருந்தது, ஜாகெக்ஸ் 2013, பிளிசார்ட் 2019. அந்த ஆறு வருடத்தில் பழைய வார்கிராஃப்ட் வேண்டும் என்று துடித்த ஒவ்வொருவரும் மாதம் 15 டாலர் கட்டியிருப்பார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டில் மூன்று பேர் கட்டியிருப்போம்.

ஆடுகிறவர்களுக்கு ஒன்று. பிரைவேட் செர்வரில் ஒருநாள் காலை லாகின் ஆகாது, அவ்வளவுதான். 2010இல் நான் எண்பதாம் லெவல் வரை வளர்த்த குள்ளன் அப்படித்தான் போனான், வெப்சைட்டும் போனது, யாரிடம் போய்க் கேட்பது? அங்கே கொடுத்த பாஸ்வேர்டை நம் மெயிலுக்கும் வைத்திருந்தால் அது எங்கே போனது என்றும் தெரியாது. தெரிந்தே போகிறீர்கள் என்றால் தனி மெயில், தனி பாஸ்வேர்டு.

போன வாரம் நோட்பேட்காரன் வாட்ஸ்ஆப்பில் ஒரு முகவரி அனுப்பினான், புதுசு, சூப்பர், நாலு பேரும் போவோம், பழைய மாதிரி. எனக்கும் ஆசைதான். லாகின் பக்கத்துக்குப் போவதற்கு முன்னால் அவர்களுடைய கடைப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ஒரு வாள், 30 டாலர், அதாவது இரண்டு மாதச் சந்தா. ஸ்கிரீன்ஷாட் எடுத்து அவனுக்கு அனுப்பினேன். ‘வாள் வாங்கச் சொல்லலடா, வாடா’ என்று பதில் வந்தது. இன்னும் பதில் போடவில்லை.